எழுபதின் சிலிண்டர்

யெலோவெட்ஸ், 8 மார்ச் 1998

அன்புத் தம்பி தினேவுக்கு,

அண்ணன் உர்பான் எழுதுவது. இங்கே நானும் பசுவும் சுகம். இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதை நீ விசாரிக்க வேண்டாம், விசாரித்தால் அதற்குத் திமிர் ஏறுகிறது. உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? ரம்பம் அதிர்ந்து மரத்துப்போன விரல்கள் காலையில் இன்னும் வெளுத்துப்போகின்றனவா? நேஷாவுக்கு என் அன்பு. நீ சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிற பொறுமை அவள் அம்மாவிடமிருந்து வந்தது, உன்னிடமிருந்து அல்ல.

ஏன் தொலைபேசியில் பேசிக்கொள்ளக் கூடாது என்று தபால்காரி விடா கேட்கிறாள். நாற்பது வருஷம் ரம்பம் பிடித்த இரண்டு செவிடர்களுக்குத் தொலைபேசி எதற்கு? போன கிறிஸ்துமஸுக்கு நாம் கத்திய கத்தலில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

விஷயம் இதுதான். என் அறுபதாம் நம்பர் மோட்டார் ரம்பத்தின் சிலிண்டர் போய்விட்டது. உள்ளே விரலை விட்டால் உழுத நிலம் போலக் கோடு கோடாக இருக்கிறது. கயிற்றை இழுத்தால் எதிர்ப்பே இல்லை. ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, மரவெட்டிகள் விழா. பழைய ரம்பப் போட்டியில் நீ மகளோடு கடலோரம் போன பிறகு நான் இறங்கவே இல்லை. இந்த வருஷம் இறங்கலாம் என்று இருக்கிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் குடிவந்திருக்கிற ரசீம் என்னோடு ஜோடி நிற்கிறேன் என்கிறான். உனக்கு அவனைத் தெரியும், நம்மோடு கம்பெனிக் காட்டில் வேலை செய்த பொஸ்னியாக்காரன்.

அதைவிடப் பெரிய உன் எழுபது என் கொட்டகையில்தான் கிடக்கிறது. பீச் என்கிற காட்டுமரம் விழுந்து அதன் எஞ்சின் அடிப்பெட்டி உடைந்ததே தவிர சிலிண்டர் புதுசு போல இருக்கிறது. அதைக் கழற்றி என் அறுபதில் மாட்டலாமா? 74இல் நான் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ ஒன்றை அப்படி மாட்டினாய் என்று ஞாபகம். எப்படி என்று எழுது.

உன் அண்ணன்,
உர்பான்


ஈசோலா, 29 மார்ச் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி தினே சொல்ல, நேஷா எழுதுகிறாள். நெஞ்சு அதுபாட்டுக்கு அடிக்கிறது, டாக்டர் மாத்திரையின் நிறத்தை மாற்றியிருக்கிறார். விரல்கள் பத்து மணிக்குத்தான் எனக்குச் சொந்தமாகின்றன, அதுவரை யாருடையவோ. கடல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் அறுக்க ஒன்றும் இல்லை. உன் முழங்காலை விசாரிக்கவில்லை, நீ சொன்னபடி.

ரசீமை எனக்கு நன்றாகத் தெரியும். 1971 அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை. மேல் சரிவில் பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. ரசீம் ஆப்பை முகாமிலேயே மறந்துவிட்டு வந்தான். ரம்பம் மரத்துக்குள் மாட்டிக்கொண்டது. நான் ஆப்பை மறந்திருந்தால் நீ அந்த வாரம் முழுக்க என்னோடு பேசியிருக்க மாட்டாய். அவன் தன் கோடரிப் பிடியைச் சீவி ஆப்பாக அடித்தான். நீ சிரித்தாய். பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாய், மரத்தில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அவன் இப்போது உன் வீட்டுக்குத் தினமும் வருகிறானா? சாப்பிடுகிறானா? யார் சமைக்கிறார்கள்?

நாம் அந்தப் போட்டியில் ஆறு தடவை ஜெயித்தோம். 79இல் மட்டும் தோற்றோம், அது சங்கிலியின் தப்பு. டாக்டர் ஜூன் மாதம் மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் போகலாம் என்றால் நானே வந்து நிற்கலாம். அதற்குள் ஜோடி சேர அவசரம் என்ன?

பசு கன்று போட்டதா?

தம்பி,
தினே


யெலோவெட்ஸ், 19 ஏப்ரல் 1998

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் தவிர எல்லாரும் சுகம். கன்று பிறந்தது, பெண். உன் நெஞ்சைப் பார்த்துக்கொள்.

சிலிண்டரைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. ரசீம் தினமும் வருகிறான். தானே உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டி, பிட்டா என்று ஒரு அப்பம் செய்துகொண்டு வருவான், நான் முட்டைக்கோஸ் ஊறுகாய் வைப்பேன். பிராந்தி தொட மாட்டான், காப்பிதான், கரி போலக் கறுப்பாக. "ஒரு கிளாஸ் போடுடா, செத்துப்போக மாட்டே" என்றேன். "அண்ணே, நீங்க குடிச்சுட்டு மரம் வெட்டுறதைப் பார்த்தே எனக்குப் போதை ஏறிடுது" என்கிறான்.

அவனுக்குக் கை நல்ல கை. பக்கத்து வீட்டுக்காரனின் ரம்பத்தை ஓடவிட்டு, கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினான். "இதுக்குத் தாகம் எடுக்குது" என்று சொல்லி, கார்புரேட்டர் திருகைக் கால் சுற்றுத் திறந்தான். ரம்பம் குட்டி ஆடு மாதிரித் துள்ளியது. உள்ளங்கையால் கேட்கிற ஆளை உனக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

டாக்டர் சொல்லாமல் நீ கிளம்பி வராதே. மே மாதத்துக்குள் மாட்டினால்தான் ஓட்டிப் பழக நேரம் இருக்கும். எழுது.

உர்பான்


ஈசோலா, 17 மே 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீயும் கன்றும் சுகமாக இருக்க வேண்டும்.

சிலிண்டரை எடுத்துக்கொள். கொட்டகையில் துருப்பிடிப்பதைவிட ஓடட்டும். எப்படி என்று சொல்கிறேன், வரிசை மாற்றாதே.

அறுபதும் எழுபதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அடிப்பெட்டி ஒன்றுதான், போல்ட் துளை நான்கும் பொருந்தும், பிஸ்டன் ஊசி ஒரே தடிமன். சிலிண்டர் வாய்தான் எழுபதில் நாலு மில்லிமீட்டர் கூடுதல் அகலம். அதனால் சிலிண்டரை மட்டும் மாற்றாதே, எழுபதின் பிஸ்டனையும் ரிங்கையும் சேர்த்து மாற்று. பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருக்கும், அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ரிங் முனை துளையில் மாட்டி உடையும். அடிப்பெட்டியின் வாயில் பிஸ்டன் உரசுகிற இடம் ஒன்று உண்டு, இடது பக்கம். அரத்தால் ஒரு மயிரிழை தேய்த்துவிடு. இரும்புத்தூள் உள்ளே விழாதபடி துணி அடைத்துக்கொண்டு தேய்.

அறுபதின் கார்புரேட்டரைப் போடாதே. அதன் தொண்டை சின்னது, பெரிய சிலிண்டருக்குப் போதாது. எழுபதின் கார்புரேட்டரையே மாட்டு. அதற்குள் இருக்கிற மெல்லிய ரப்பர்த் தோல் காய்ந்து விறைத்திருக்கும், பழைய கடையில் கேட்டு மாற்று. பெரிய திருகு ஒன்றே கால் சுற்று, சின்னத் திருகு ஒரு சுற்று. அங்கிருந்து காதால் பிடி. காதில்லாவிட்டால் கையால். அதுதான் உன்னிடம் இப்போது நல்ல கை ஒன்று இருக்கிறதே.

கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் போகிற பேக்கிங், எழுபதில் இருப்பது தொட்டால் பொடியாகிவிடும். உன் அறுபதின் பழைய பேக்கிங்கைத் தடித்த அட்டைமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டிக்கொள்.

முதல் இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு எண்ணெய் கூடக் கல.

இவ்வளவுதானா அப்பா என்று நேஷா கேட்கிறாள். இவ்வளவுதான் என்று எழுதச் சொல்கிறேன்.

தினே


யெலோவெட்ஸ், 21 ஜூன் 1998

அன்புத் தம்பிக்கு,

சுகமா? டாக்டர் என்ன சொன்னார்?

மாட்டிவிட்டோம்! நீ சொன்ன வரிசை மாறவில்லை. நான் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன், ரசீம் செய்தான். அரத்தால் தேய்க்கிற இடம் வந்தபோது, "தினே அண்ணன் கண்ணை மூடிக்கிட்டே சொல்லியிருப்பாரு போல, ஒரு மயிரிழைன்னா ஒரு மயிரிழைதான்" என்றான். பேக்கிங் அவன்தான் வெட்டினான், மாவு டப்பா அட்டையில்.

தம்பி, அதன் குரலைக் கேட்க நீ இல்லாமல் போனாய். நம் ரம்பங்களில் எதுவும் இவ்வளவு உயரத்தில் பாடியதில்லை. விடா சைக்கிளை நிறுத்திவிட்டு, "உர்பான் மாமா, ஹெலிகாப்டர் வாங்கிட்டீங்களா?" என்றாள். விரற்கடைக் கிளையெல்லாம் வெண்ணெய் மாதிரி அறுபடுகிறது. உன் சிலிண்டர்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

நீ வேகமாகப் பதில் எழுது.

உர்பான்


ஈசோலா, 5 ஜூலை 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நேஷா இரவு ஷிப்டில் இருந்ததால் கடிதம் தாமதம். நாங்கள் சுகம். கடற்கரையில் ஜெர்மன்காரர்கள் வறுபட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குரல் உயரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு உயரம்? கிளைகளை மட்டும் அறுத்தாயா, பெரிய கட்டையில் விட்டுப் பார்த்தாயா? பெரிய கட்டையில் அதிக நேரம் ஓட்டாதே. நான் வந்து ஒரு தடவை கை வைத்துப் பார்க்கிறேன். ஒரே ஒரு தடவை. டாக்டர் பஸ்ஸில் போகலாம், மலை ஏறக் கூடாது என்கிறார். பஸ் நிறுத்தத்துக்கு ரம்பத்தோடு நீ இறங்கி வந்தால் போதும், நான் ஏற வேண்டாம்.

வரச் சொல்லி ஒரு வரி எழுது, மறுநாளே கிளம்புவேன்.

தம்பி,
தினே


யெலோவெட்ஸ், 9 ஆகஸ்ட் 1998

அன்புத் தம்பிக்கு,

வைக்கோல் வேலையில் ஒரு மாதம் போனதே தெரியவில்லை. முழங்கால் வைக்கோலைப் பார்த்தாலே அழுகிறது. நீ எப்படி இருக்கிறாய்?

நீ வர வேண்டாம். இந்த வெயிலில் ஐந்து மணி நேரம் பஸ், அதுவும் லுப்லியானாவில் மாறி ஏற வேண்டும். உனக்கு ஏதாவது ஆனால் நேஷா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? ரம்பத்தைப் பற்றிக் கவலைப்படாதே, ரசீம் பார்த்துக்கொள்கிறான். ஜோடியும் நன்றாகப் படிகிறது. நான் கையை நீட்டுவதற்குள் ஆப்பை வைக்கிறான். இருபத்து மூன்றாம் தேதி பீச் கட்டை, அறுபது சென்டிமீட்டர் பருமன், நடுவில் நிறுத்தாமல் மூன்று வட்டு அறுக்க வேண்டும். முடிந்ததும் எழுதுகிறேன்.

கடல் காற்றை நன்றாக வாங்கு.

உர்பான்


ஈசோலா, 18 ஆகஸ்ட் 1998
அவசரத் தபால்

அண்ணே,

சுகம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் இன்றுதான் வந்தது. ரம்பத்தை ஓட்டாதே.

மே மாதம் நான் எழுதச் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. எனக்கு எதுவும் மறப்பதில்லை என்று உனக்குத் தெரியும். பேக்கிங்கில் நடுவில் பெரிய துளை, பக்கத்துக்கொன்றாக போல்ட் துளை. இவற்றைத் தவிர மூலையில் தீக்குச்சித் தலையளவு ஒரு துளை உண்டு. கார்புரேட்டர் பெட்ரோலை இழுப்பது அதன் வழியாக அடிப்பெட்டி விடுகிற மூச்சால்தான். அறுபதில் அந்தத் துளை ஓரத்தில் இருக்கும், எழுபதில் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே. அறுபதின் பேக்கிங்கைப் பார்த்து வெட்டினால் பாதித் துளை மூடிக்கொள்ளும். பாதி மூச்சு. சின்ன வேலைக்குத் தெரியாது. பெரிய கட்டையில் பெட்ரோல் போதாமல் காய்ந்து ஓடும். நீ கேட்ட உயரக் குரல் பலத்தின் குரல் அல்ல, பட்டினியின் குரல். இரண்டு நிமிஷம் அப்படி ஓடினால் பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொள்ளும். 74இல் நான் ஒன்றை அப்படித்தான் எரித்தேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் வேறு மாட்டிவிட்டு, உன்னிடம் சொல்லவில்லை.

ஏன் விட்டேன் என்று கேட்பாய். ரம்பம் சரியாக ஓடாது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது, தினே இல்லாமல் ஆகாது என்று நீ கூப்பிடுவாய் என்று நினைத்தேன். அவன் உள்ளங்கையை வைத்துக் கேட்கிறான் என்று நீ எழுதிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சிலிண்டர், என் இடம், என் அண்ணன். மூன்றிலும் அவன் கை. இதை எழுதுகிறபோது நேஷா என் முகத்தைப் பார்க்கவில்லை.

துளையை உள்ளே தள்ளி வெட்டு. அதுவரை ஓட்டாதே.

தினே


யெலோவெட்ஸ், 27 ஆகஸ்ட் 1998

மரியாதைக்குரிய தினே அண்ணனுக்கு,

ரசீம் எழுதுகிறேன். அல்லாஹ் உங்கள் நெஞ்சுக்குப் பலம் கொடுக்கட்டும். உங்கள் மொழியில் எனக்குப் பேச்சு வரும், எழுத்து அவ்வளவாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அவசரத் தபால் திங்கட்கிழமைதான் வந்தது. விழா ஞாயிறோடு முடிந்துவிட்டது. முதல் வட்டு உர்பான் அண்ணன், இரண்டாவது நான், மூன்றாவது மறுபடி அவர். பாதியில் குரல் ஏறியது. ஏற ஏற ஜனம் கைதட்டியது. அப்புறம் ஒரே ஒரு கீச்சுச் சத்தம், நின்றுவிட்டது. அவர் கயிற்றை இழுத்தார், கயிறு வரவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ரம்பத்தைக் கட்டைமேல் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தினே சொன்னது தப்பா இருக்காது. நாமதான்டா எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கோம்."

அண்ணே, அந்த வார்த்தைதான் என்னை இதை எழுத வைக்கிறது.

அந்தச் சின்னத் துளை எனக்குத் தெரியும். நானும் வேறொரு சரகத்தில் ஒன்றை எரித்திருக்கிறேன். மே மாதம் அவர் உங்கள் கடிதத்தைப் படித்தபோது, பேக்கிங் வரியில் அது இல்லை என்று உடனே புரிந்துகொண்டேன். வேண்டுமென்றே விட்டீர்கள் என்றும் புரிந்தது. அட்டையை வெட்டினது என் கை. சரியாக வெட்டியிருக்கலாம். உங்கள் சொல்படியே வெட்டினேன்.

அவர் வீட்டில் காலையில் நான் காப்பி வைத்தால், "தினே இப்படி வைக்க மாட்டான்" என்பார். ஆப்பு அடித்தால், "தினே இன்னும் ஒரு அடி அடிப்பான்" என்பார். நான் எது செய்தாலும் உங்களுக்கு அடுத்ததாகத்தான் செய்கிறேன். என் ஊரில் எனக்கு வீடு இல்லை, பிள்ளைகள் ஆஸ்திரியாவில். எனக்கு இருப்பது அவர் வீட்டு அடுப்படி ஒன்று. அங்கேயும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊர் முன்னால் உங்கள் பேச்சைக் கேட்டு ரம்பம் எரியட்டும், அதோடு உங்கள் பெயர் அந்த வீட்டில் கேட்காமல் போகட்டும் என்று நினைத்தேன்.

உங்கள் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். மடித்துப் பையில் வைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தொழுவத்தைப் போய்க் கழுவினார். கோபமெல்லாம் உங்கள்மேல்தான். என் பங்கை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல நினைத்து ஒவ்வொரு நாளும் தள்ளிப்போடுகிறேன். நீங்களே அவருக்கு எழுதினாலும் சரி. தடுக்க எனக்கு முகம் இல்லை.

ரசீம்


ஈசோலா, 6 செப்டம்பர் 1998

ரசீமுக்கு,

தினே சொல்லி எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் பொய்.

உன் கடிதத்தை நேஷா முதல் தடவை படித்தபோது மனம் குளிர்ந்தது. மறைக்க மாட்டேன். "இதை அப்படியே உன் பெரியப்பாவுக்கு அனுப்பு" என்றேன். அவள் உறை எடுத்து வந்தாள். நாக்கால் பசையை ஈரப்படுத்தி ஒட்டப் போனவள், "அப்பா, பனி விழுந்தா பெரியப்பாவோட யாரு காட்டுக்குப் போவா?" என்று கேட்டாள்.

1963 பிப்ரவரியில் எங்களோடு வேலை செய்த பொல்தே காட்டுக்குத் தனியாகப் போனான். நல்ல தொழில்காரன், உர்பானைவிடக் கெட்டிக்காரன். கிளை ஒன்று தொடைமேல் விழுந்தது, அவ்வளவுதான், எழுந்திருக்க முடியவில்லை. ஏப்ரலில் பனி உருகினபோது நானும் உர்பானும்தான் அவன் உடலைத் தூக்கி வந்தோம். உர்பான் பிடிவாதக்காரன். உன்னை விரட்டிவிட்டால் அந்த முழங்காலோடு ஒண்டியாகப் போவான். நான் இங்கே கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆகவே நீ அவனிடம் எதுவும் சொல்லாதே. நானும் சொல்ல மாட்டேன். பழி என்மேலேயே இருக்கட்டும், எனக்கு அது பொருத்தமான சட்டைதான். இது உன்மேல் பிரியத்தால் அல்ல. நீ அவன் பக்கத்தில் நடக்கிறாய் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ட்ஸெர்க்னிட்ஸா டவுனில் ஆலை இருந்த தெருவின் கடைசி வீடு, நீல வேலி. அங்கே அந்தோனியா என்று ஒரு விதவை. அவள் புருஷன் 77இல் வாங்கின எழுபது ஒன்று இருந்தது, அதிகம் ஓடாதது. கேட்டுப் பார். பேக்கிங்கை நீ வெட்டு, இந்தத் தடவை யோக்கியமாக.

ஒன்று கேட்கிறேன். தினே இப்படி வைக்க மாட்டான், தினே இன்னும் ஒரு அடி அடிப்பான் என்றெல்லாம் அவன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். வேறு என்ன சொன்னான்? எல்லாவற்றையும் எழுது. ஒன்றையும் விடாதே. விடுகிற வேலை நாம் இரண்டு பேரும் போதுமான அளவுக்குச் செய்தாயிற்று.

தினே


யெலோவெட்ஸ், 4 அக்டோபர் 1998

மரியாதைக்குரிய தினே அண்ணனுக்கு,

உங்கள் சுகத்துக்கு என் பிரார்த்தனை. உர்பான் அண்ணன் சாப்பிடுகிறார், தூங்குகிறார், முழங்காலைத் திட்டுகிறார்.

நீல வேலி இப்போது பச்சை, மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடி. அந்தோனியா அம்மாள் ரம்பத்தையே கொடுத்துவிட்டார், காப்பி மட்டும் போட்டுத் தரச் சொன்னார். சிலிண்டர் மாட்டியாயிற்று. பேக்கிங் வெட்டும்போது உர்பான் அண்ணன் என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார். உங்கள் ஆகஸ்ட் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து விரித்து வைத்துக்கொண்டு, துளையை அவரே போட்டார். இப்போது குரல் கீழே இருக்கிறது, கனமாக. நேற்று பெரிய பீச் ஒன்று தள்ளினோம். கை வைத்துப் பார்த்தேன், தாகம் இல்லை.

நீங்கள் கேட்டது. அவர் சொன்னதில் முதலாவது: மாசாமாசம் முதல் திங்கட்கிழமை, "தினே இருந்தா இன்னிக்குச் சங்கிலி தீட்டியிருப்பான்." இரண்டாவது: களி கிண்டும்போது, "அவனுக்கு அடிப்பிடிச்சாத்தான் பிடிக்கும்." ஞாபகம் வரவர எழுதுகிறேன், நிறைய இருக்கிறது, ஒரு கடிதத்தில் அடங்காது. ஆனால் ஆகஸ்டுக்குப் பிறகு உங்கள் பெயரை அவர் சொல்லவில்லை. அது இல்லாமல் அடுப்படி இவ்வளவு பெரிசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பதிலுக்கு நீங்கள் ஒன்று எழுத வேண்டும். அவர் கால் எப்படி உடைந்தது? கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். நடனத்தில் என்று விடா சொல்கிறாள்.

ரசீம்


யெலோவெட்ஸ், 29 நவம்பர் 1998

தினேவுக்கு,

உர்பான் எழுதுவது. உன் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று நான் உன்னைக் கேட்க வேண்டியதில்லை, எனக்குத்தான் தெரியுமே. இப்போது வெள்ளை மாத்திரையாம், காலையில் ஒன்றும் ராத்திரி பாதியுமாம். ரசீம் சொன்னான்.

ஆகஸ்ட் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நாலு தடவை ஆரம்பித்தேன். திட்டி ஆரம்பித்தால் பாதியில் வேறு மாதிரிப் போகிறது, வேறு மாதிரி ஆரம்பித்தால் பாதியில் திட்டு வருகிறது. அடுப்பில் போட்டேன். நீ மறுபடி எழுதுவாய், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. நீ எழுதவில்லை, தலை காட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் விடா வந்து, "ஈசோலாவிலிருந்து கடிதம்" என்றாள். நான் கையை நீட்டினேன். "உங்களுக்கு இல்லை மாமா, ரசீமுக்கு. இதோட எட்டாவது" என்றாள்.

எட்டு.

அவனிடம் கேட்டேன். "பேக்கிங் விஷயம் அண்ணே" என்கிறான். பேக்கிங்கைப் பற்றி எட்டுக் கடிதம் எழுத இந்த உலகத்தில் யாராலும் முடியாது. படித்துக்கொண்டே சிரிக்கிறான், நான் உள்ளே போனால் மடித்துக்கொள்கிறான். மாவு டப்பாவில் வைத்து மூடுகிறான். நேற்றுக் களி கிண்டும்போது வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டு என் முகத்தைப் பார்த்தான். நேற்றைக்கு முந்தின நாள், "அண்ணே, நீங்க அந்தத் தச்சன் மகளோட ஆடினப்பதானே கால் போச்சு?" என்கிறான். அந்தத் தச்சன் மகள் கதை உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாய்.

நான் ரம்பத்தை மன்னித்துவிட்டேன், சிலிண்டரை மன்னித்துவிட்டேன். நீ எனக்குத் தம்பியாக அறுபத்தாறு வருஷம் இருந்திருக்கிறாய். அவன் ஓடையைத் தாண்டி வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அப்படி என்ன பேசிக்கொள்கிறீர்கள் இரண்டு பேரும்? என்னைப் பற்றியா? என்னைப் பற்றியென்றால் எனக்கு ஏன் வரவில்லை?

மலை ஏற வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற சனிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வா. நானே நிறுத்தத்துக்கு இறங்கி வருகிறேன், முழங்கால் எப்படியாவது போகட்டும். ரசீமிடம் சொல்ல வேண்டாம், அவனும் வருகிறேன் என்பான்.

வர முடியாவிட்டால் பதில் எழுது. என் பெயருக்கு எழுது.

அண்ணன்,
உர்பான்